மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்: என்ஜிவி (இயற்கை எரிவாயு) சாதனம் கழற்றப்பட்ட ஒரு காரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், கடை வரிசைக்குப் பின்புறம் இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு சிறிய பட்டறையை நடத்தி வருகிறேன். சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்து இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இடங்களிலிருந்தும் வரும் பழைய கார்கள்தாம் இங்கே பெரும்பாலும் வேலைக்கு வருகின்றன. 2025 அக்டோபரில் வந்த ஒரு காரின் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு முறை தேவைப்பட்டது. முதல் முறை நான் பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு, முழுவதும் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக் காரைத் திருப்பிக் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கார், மாறும் வால்வு டைமிங் கொண்ட 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உடையது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கான மின்னழுத்தத்தைத் தரும் தனித்தனி காயில் அமர்ந்திருக்கும். ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே பக்கெட் எனும் கிண்ணம் போன்ற உலோகத் துண்டு மட்டுமே இருப்பதால், வால்வு இடைவெளி (கேமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே விடப்படும் இடம்) குறைந்தால் எஞ்சின் தானாகச் சரிசெய்துகொள்ளாது. பின்னால் வரும் அனைத்துக்கும் இந்த ஒன்றே அடிப்படை.

உரிமையாளர் தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குச் சென்று வரும் தம் மகளுக்காக, ஆகஸ்ட் மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பயன்படுத்திய கார் ஒன்றை வாங்கியிருந்தார். மீட்டர் 1,93,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வாங்கிய மூன்றாவது வாரத்திலேயே சிக்னலில் நிற்கும்போது கார் உதறத் தொடங்கியது, எஞ்சின் விளக்கு எரிந்தது.

என்னிடம் வருவதற்கு முன்

செப்டம்பர் நடுவில் காரை வேறொரு பட்டறைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். ஸ்கேனரில் பி0303 என்ற குறி வந்ததைப் பார்த்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் நான்கு காயில்களையும் புதிதாக மாற்றி, ஏறக்குறைய 800 ரிங்கிட் வாங்கியிருக்கிறார்கள். உதறல் இரண்டு நாள் குறைந்தது போலத் தோன்றி, மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது. அந்த முடிவை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. தனித்தனி காயில் உள்ள எஞ்சின்களில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியாமை) என்றால் பத்துக்கு ஆறேழு முறை காயிலோ பிளக்கோதான் காரணமாக இருக்கிறது என்பது என் சொந்த அனுபவமும்கூட. ஆனால் பி0303 என்ற குறிக்குப் பொருள், மூன்றாவது சிலிண்டர் சரிவர எரியவில்லை என்பது மட்டுமே. கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் ஒவ்வொரு சிலிண்டரின் வெடிப்பின்போதும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் எவ்வளவு வேகமெடுக்கிறது என்பதை அளக்கிறது. மூன்றாவதன் முறை வரும்போது அந்த வேகம் கிடைக்காவிட்டால் கணினி இந்த எண்ணைப் பதிவு செய்கிறது. தீப்பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, உள்ளே காற்று அழுத்தமே சேரவில்லையா என்பது அதற்குத் தெரியாது.

அக்டோபர் 1, புதன்: முதல் சோதனை

பெரியவர் காரிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எத்தனை சாமான்தான் தம்பி மாத்தறது?" என்பதுதான். எதையும் மாற்றுவதற்கு முன் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் பதிலளித்து, மகளிடம் காரின் போக்கைப் பற்றி விசாரித்தேன். அவர் சொன்ன இரண்டு செய்திகளை வேலை அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டேன். முதலாவது, சிக்னலில் நிற்கும்போதும் வரிசையில் ஊர்ந்து செல்லும்போதும் மட்டுமே உதறுகிறது. இரண்டாவது, போன வாரம் குடும்பத்தோடு பினாங்குக்குப் போனபோது, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் உள்ள நெடிய ஏற்றத்தில் ஏறுகையில் எந்தத் தொல்லையும் இல்லை.

இந்த இரண்டாவது செய்தி காயிலைக் கிட்டத்தட்ட விடுவித்துவிடுகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூடப் பிளக்கின் இடைவெளியில் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆகவே பலவீனமான காயில் முதலில் கைவிடுவது ஏற்றத்தில்தான். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் உதறி, பாரம் ஏறும்போது ஒழுங்காக ஓடும் எஞ்சினில், காற்றுக் கசிவையோ வால்வுக் கசிவையோ தேடுவதுதான் முறை. இந்தத் தர்க்கம் அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பாதியை மட்டும் பின்பற்றினேன் என்பதுதான் இந்த நிகழ்வின் சாரம்.

எஞ்சின் சூடேறிய பிறகு ஐட்லிங் நிமிடத்துக்கு 720 சுற்றில் நின்றது. ஸ்கேனரின் மிஸ்ஃபயர் கணக்கில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, மற்ற மூன்றும் சுழியம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டு சென்றால் கணக்கு நின்றுவிடும். பெட்ரோல் திருத்தத்தின் நீண்டகால அளவு ஐட்லிங்கில் 13 விழுக்காடு கூடுதலாகவும், 2,500 சுற்றில் 3 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. அதாவது, ஐட்லிங்கில் எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று கலக்கிறது என்று கணினி நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது காயிலை முதலாவது சிலிண்டருக்கும், மூன்றாவது பிளக்கை நான்காவதற்கும் மாற்றிப் போட்டேன். குறி இடம்பெயரவில்லை. முந்தைய பட்டறையில் போட்ட சாமான்கள் நல்ல சாமான்களே என்பதும், அவை தேவைப்படவில்லை என்பதும் இதனால் ஒருசேர உறுதியாயின.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்க வயர்களைத் தொட்டபோதுதான் காரின் பழைய கதை வெளிப்பட்டது. நான்கு இன்ஜெக்டர் வயர்களும் வெட்டப்பட்டு, மீண்டும் ஈயம் வைத்து ஒட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன. எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டு செல்லும் இன்டேக் மானிஃபோல்டின் நான்கு குழாய்களிலும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, துளையிட்டுப் பித்தளைத் திருகாணி வைத்து சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். பின்னால் சென்று சாமான் வைக்கும் அறையைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், தகட்டில் நான்கு போல்ட் துளைகள், அவற்றைச் சுற்றி மட்டும் நிறம் மாறாத பெயின்ட் வட்டங்கள் இருந்தன. என்ஜிவி தொட்டி உட்கார்ந்திருந்த இடம் அது.

நம் நாட்டில் என்ஜிவி எரிவாயு விற்பனை 2025 ஜூலை 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதை ஒட்டி எரிவாயுச் சாதனங்கள் கழற்றப்பட்டுப் பெட்ரோலுக்குத் திரும்பிய கார்களில் சில, பயன்படுத்திய கார் சந்தைக்கு வந்திருக்கின்றன. நிலையங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருந்ததால் எங்கள் ஊர்ப் பக்கம் இத்தகைய கார்களைப் பார்ப்பது அரிது. எனக்கும் அதில் பழக்கம் குறைவு. பெரியவருக்கோ இது எதுவுமே சொல்லப்படவில்லை.

அக்டோபர் 2, 3: காற்றுக் கசிவும் அவசர முடிவும்

வயர் இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். ஈயம் நன்றாகப் பிடித்திருந்தது. நான்கு இன்ஜெக்டர்களின் மின்தடையும் 13 ஓமுக்கு அருகே ஒன்றுபோல இருந்தது, சோதனை விளக்கும் நான்கிலும் சீராகத் துடித்தது. எனினும் மூன்றாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பார்த்தேன். குறி மூன்றாவதிலேயே நின்றது.

அடுத்து, மானிஃபோல்டின் அடைக்கப்பட்ட துளைகள். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐட்லிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறு பீய்ச்சலாக அடித்தேன். முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் அடித்தவுடன் எஞ்சின் ஒரு நொடி சீராகி, சுற்று 60 அளவுக்குக் கூடி இறங்கியது. திருகாணியைக் கழற்றியபோது சிலிக்கான் ரப்பர் வளையம் போல முழுதாக உரிந்து கையோடு வந்தது. மூன்றாவது குழாயில், மூன்றாவது சிலிண்டருக்கு நேர் எதிரே, ஐட்லிங்கில் மட்டும் தொல்லை தரக்கூடிய ஒரு கசிவு. எல்லாம் பொருந்திவிட்டது போல் இருந்தது. அந்தப் பொருத்தம்தான் என்னை ஏமாற்றியது.

நான்கு துளைகளையும் சுத்தம் செய்து, சரியான மரையுள்ள அடைப்பாணிகளைப் பெட்ரோல் தாங்கும் பசையோடு முறுக்கி, ஓரிரவு காயவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்ஃபயர் கணக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கண்ணை மூடி ஸ்டீயரிங்கில் கைவைத்தால் மட்டுமே தெரியக்கூடிய அளவுக்கு உதறல் தணிந்திருந்தது. பெட்ரோல் திருத்தம் 13இலிருந்து 7 விழுக்காட்டுக்கு வந்திருந்தது. மீதமுள்ள 7 விழுக்காடு, கணினி இன்னும் புதிய நிலையைப் பழகிக்கொள்ளாததால் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது, வெளியே வேறு மூன்று கார்கள் காத்திருந்தன. குறியை அழித்துவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் காரைக் கொடுத்தனுப்பினேன்.

இதில் இரண்டு பிழைகள் இருந்தன. எரியாத சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜன் அப்படியே புகை வெளியேறும் எக்சாஸ்ட் குழாய்க்குச் செல்லும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாகச் சொல்லும். எனவே மிஸ்ஃபயர் தொடர்ந்தாலே திருத்த அளவு கூடுதலாகத்தான் இருக்கும். அந்த 7 விழுக்காடு, பழுது முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது பிழை, கணக்கு குறைந்ததைக் கணக்கு நின்றதாக எடுத்துக்கொண்டது. மிஸ்ஃபயரில் சுழியம் தவிர வேறெந்த எண்ணும் முடிவல்ல.

அக்டோபர் 7, செவ்வாய்: அழுத்தச் சோதனை

நான்கு நாளில் கார் திரும்பி வந்தது. திங்கட்கிழமை மாலை ஈப்போவில் நெரிசலில் நின்றபோது எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியதாக மகள் சொன்னார். விளக்கு நிலையாக எரிவது ஒன்று, மின்னுவது வேறு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்து அதைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருந்தால்தான் அது மின்னும். நான் காரைக் கொடுத்தனுப்பாமல் இருந்திருந்தால் அந்த நான்கு நாள் ஓட்டம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் ஸ்கேனரைப் பார்த்ததே இல்லை. அவர் ஒரு நாளிதழ்த் துண்டை எக்சாஸ்ட் குழாயின் வாயருகே பிடிக்கச் சொல்வார். அன்று காலை அது நினைவுக்கு வந்து, செய்தித்தாளில் உள்ளங்கை அளவு கிழித்துப் பிடித்தேன். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது. இடையிடையே, ஒழுங்கான தாளத்தில், சட்டென்று குழாயின் விளிம்பில் போய் ஒட்டி விலகியது. எந்த மிஸ்ஃபயரிலும் காகிதம் ஓரளவு தயங்கும் என்பதால் இது உறுதியான சோதனை அல்ல. ஆனால் இவ்வளவு பலமாக உள்ளே இழுக்கப்படுகிறதென்றால், பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சும் நேரத்தில் எக்சாஸ்ட் வால்வும் மூடாமல் இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினைச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர் ஃபியூசைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்த மீட்டரை முறுக்கி எட்டுச் சுற்று சுற்றினேன். முதலாவதில் 192 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), இரண்டாவதில் 186, நான்காவதில் 183. மூன்றாவதில் 118. இந்த எஞ்சினுக்குக் கையேடு அனுமதிக்கும் கீழ் எல்லை 156, சிலிண்டர்களுக்கிடையே இருக்கலாகும் வேறுபாடு 14 மட்டுமே. இறுதி எண்ணைவிட முள் நகர்ந்த விதமே எனக்கு அதிகம் சொன்னது. நல்ல சிலிண்டரில் முதல் அடியிலேயே முள் பாதிக்கு மேல் தாவும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடி தாழ்வாக இருந்தாலும் அடுத்தடுத்த அடிகளில் படிப்படியாக ஏறும். மூன்றாவதிலோ முதல் அடியும் தாழ்வு, அதன்பின் ஏற்றமும் சோம்பல். ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி சுற்றியபோது 124தான் வந்தது. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து எண்ணைத் தூக்கி நிறுத்தியிருக்கும்.

பிறகு மூன்றாவது பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றைப் பிளக் துளை வழியே செலுத்தினேன். கொடுத்த காற்றில் 45 விழுக்காடு வெளியேறியது. ஆயில் மூடியைத் திறந்து காது வைத்தேன், லேசான மூச்சு மட்டும். காற்று வடிகட்டிப் பக்கம் அமைதி. ரேடியேட்டரில் குமிழி இல்லை. காரின் பின்னால் போய்க் குனிந்தால், எக்சாஸ்ட் குழாயில் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்கும் ஓசை.

வால்வு மூடியைக் கழற்றி, குளிர்ந்த எஞ்சினில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பதினாறு வால்வுகளையும் அளந்தேன். இன்டேக் பக்கம் எட்டும் கையேட்டின் 0.15 முதல் 0.25 மி.மீ. எல்லைக்குள் இருந்தன. எக்சாஸ்ட் பக்கம் இருக்க வேண்டியது 0.25 முதல் 0.35 வரை. முதல் சிலிண்டரில் 0.19, 0.18. இரண்டாவதில் 0.15, 0.17. நான்காவதில் 0.14, 0.13. மூன்றாவதில் ஒன்று 0.08. மற்றொன்றில் என்னிடம் இருந்த மிக மெல்லிய 0.04 தகடுகூட நுழையவில்லை. அந்த பக்கெட்டை விரலால் சுழற்றிப் பார்க்க முயன்றேன். கேம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

காரணம்

எட்டு எக்சாஸ்ட் வால்வுகளும் ஒரே திசையில் இறுகியிருந்ததும், இன்டேக் வால்வுகள் அப்படியே இருந்ததும், இது மூன்றாவது சிலிண்டரின் தனிக்கேடு அல்ல என்பதைக் காட்டின. எரிவாயு வறண்ட நிலையிலேயே சிலிண்டருக்குள் வருகிறது. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும், வால்வின் முகத்தில் பெட்ரோல் விட்டுச்செல்லும் மெல்லிய படிவும் அதில் கிடைப்பதில்லை. வால்வு அமர்ந்து மூடும் வளையமான, எரிவாயுவுக்கென்று கடினப்படுத்தப்படாத சீட்டில் சூடான எக்சாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை மோதும்போதும் நுண்ணிய துகள்கள் ஒட்டிப் பிய்ந்து, சீட் தேய்கிறது. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, தண்டின் முனை கேமை நெருங்குகிறது, இடைவெளி சுருங்குகிறது. எரிவாயுவில் ஓடும் இத்தகைய எஞ்சின்களில் வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்து, தேவையான இடத்தில் மெல்லிய பக்கெட் போடுவது இதனால்தான் அவசியம். இந்தக் காரில் அது ஒருமுறையாவது நடந்ததற்கான அடையாளம் தெரியவில்லை.

இடைவெளி முழுதும் மறைந்தபின் கேடு வேகமெடுக்கிறது. எக்சாஸ்ட் வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைச் சீட்டில் அமரும் கணத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சரிவர அமராத வால்வு குளிராது, குளிராததன் விளிம்பு எரியும். ஐட்லிங்கில் மட்டும் உதறியதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 720 சுற்றில் ஒரு சிலிண்டர் நொடிக்கு ஆறு முறை வெடிக்கிறது, 3,000 சுற்றில் இருபத்தைந்து முறை. கசிவு அதேதான். ஆனால் காற்று கசிந்து வெளியேற ஐட்லிங்கில் நான்கு மடங்கு நேரம் கிடைக்கிறது. மெனோரா ஏற்றத்தில் கார் குறைகூறாமல் ஏறியது அதனால்தான்.

எடுத்த முடிவும் காரணங்களும்

என் முன் மூன்று வழிகள் இருந்தன. மிகச் சிக்கனமானது, ஹெட்டைத் தொடாமல் எட்டு பக்கெட்டுகளை மட்டும் மாற்றி இடைவெளியை மீட்பது. மூன்றாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வு விளிம்பு எரிந்திருக்காவிட்டால் அது போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே முடிவுக்கு முன் பிளக் துளை வழியே சிறிய கேமராவை இறக்கி, எக்சாஸ்ட் வால்வு திறக்கும்வரை கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வால்வின் விளிம்பில் கடிகார முள் நான்கைக் காட்டும் இடத்தில், அரிசி மணி அளவுக்கு வெளிறிய ஒரு பள்ளம் இருந்தது. மெல்லிய பக்கெட் போட்டாலும் அந்தப் பள்ளம் கசியும். இந்த வழி அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, ஈப்போவில், வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஆஃப்-கட் கடையிலிருந்து பயன்படுத்திய எஞ்சினை முழுதாக வாங்கிப் பொருத்துவது. கூலியோடு 2,800 ரிங்கிட் ஆகும் என்று கணக்கிட்டேன். இரண்டு நாளில் முடியும். ஆனால் அந்த எஞ்சினின் வரலாறும் நமக்குத் தெரியாது. வரலாறு தெரியாத ஒரு எஞ்சினால் வந்த பிரச்சினையை, வரலாறு தெரியாத இன்னொன்றால் தீர்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும் இந்தக் காரின் ரிங்குகள் நல்ல நிலையில் இருப்பதை இப்போதுதான் சோதித்து அறிந்திருந்தேன். அடிப்பாகம் நன்றாக இருக்கும் எஞ்சினைத் தூக்கி எறிவது வீண். மூன்றாவது வழியான ஹெட் வேலைக்கு 1,850 ரிங்கிட் என்று எழுதிக் கொடுத்தேன். அக்டோபர் 3 வரை நான் செய்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

பெரியவர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தீபாவளிக்குள்ள ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். 17ஆம் தேதி தருகிறேன் என்றேன்.

பழுதுபார்ப்பு

8ஆம் தேதி ஹெட்டைக் கழற்றினேன். மற்ற ஆறு எக்சாஸ்ட் வால்வுகளின் விளிம்புகள் நன்றாக இருந்தன, சீட்டுகள் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தன. ஈப்போவில் உள்ள எந்திரப் பட்டறையில் ஹெட்டின் விரிசல் சோதனை, முகம் சமன் செய்தல், மூன்றாவது சிலிண்டரின் இரண்டு எக்சாஸ்ட் சீட்டுகளையும் பிடுங்கிப் புதியவை பதித்தல், மற்ற ஆறையும் லேசாக வெட்டிச் சீராக்கல் ஆகிய வேலைகளைச் செய்தார்கள். எட்டுச் சீட்டுகளையும் மாற்றலாமா என்று அங்கே கேட்டார்கள். இனி இந்தக் கார் பெட்ரோலில் மட்டுமே ஓடும் என்பதால் மற்ற ஆறின் தேய்மானம் இந்த வேகத்தில் தொடராது என்று கருதி, செலவைக் குறைக்கும் பொருட்டு வேண்டாம் என்றேன். மூன்றாவதற்கு இரண்டு புதிய வால்வுகள், பதினாறு வால்வுகளுக்கும் புதிய ஆயில் சீல்கள், புதிய ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றை வாங்கினேன். ஹெட் போல்ட்டுகளை அளந்து பார்த்ததில் எல்லையைத் தாண்டி நீளவில்லை என்றாலும், புதிதாகவே போட்டேன்.

ஹெட் 14ஆம் தேதி திரும்பியது. வால்வுகளைப் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் விட்டேன். எக்சாஸ்ட் துவாரங்களில் ஈரம் தெரியவில்லை.

அதிக நேரம் பிடித்தது பக்கெட் தேர்வுதான். பழைய பக்கெட்டுகளையே வைத்து கேமைப் பூட்டி, இடைவெளியை அளந்து, பிறகு கணக்கிட வேண்டும்: பழைய பக்கெட்டின் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால், போட வேண்டிய பக்கெட்டின் தடிமன் கிடைக்கும். முதல் சிலிண்டரின் ஒரு வால்வில் பழைய பக்கெட் 5.42 மி.மீ., சீட் வெட்டியபின் இடைவெளி 0.12. எனக்கு வேண்டியது 0.30. ஆகவே 5.24. மைக்ரோமீட்டரால் எட்டையும் அளந்து தாளில் வரிசையாக எழுதியபோது, ஒரு இடத்திலிருந்து கழற்றியது இன்னொரு இடத்துக்குச் சரியாகப் பொருந்துவது மூன்று இடங்களில் அமைந்தது. ஐந்தை மட்டும் புதிதாக வரவழைத்தேன். எட்டையும் போட்டு மறுபடி அளந்தபோது அனைத்தும் 0.28க்கும் 0.32க்கும் இடையில் இருந்தன.

பின்விளைவு

16ஆம் தேதி மாலை முதல் ஸ்டார்ட். சூடேறிய பிறகு அரைமணி நேரம் ஐட்லிங்கில் விட்டதில் மிஸ்ஃபயர் கணக்கு நான்கு சிலிண்டர்களிலும் சுழியம். மூன்றாவதின் அழுத்தம் 189 பிஎஸ்ஐ. அடுத்த நாள் காலை நானே செம்மோர் வரை ஓட்டிச் சென்று, ஒவ்வொரு சிக்னலிலும் வேண்டுமென்றே ஏசியைப் போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பெட்ரோல் திருத்தம் 2 விழுக்காட்டில் வந்து நின்றது. கார் அன்று மாலை வீட்டுக்குப் போனது. தீபாவளி 20ஆம் தேதி.

நவம்பர் மாதத்தில் எஞ்சின் விளக்கு மீண்டும் ஒருமுறை எரிந்தது. பி0420, கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்ற குறி. பின்புற ஆக்சிஜன் சென்சாரின் கோடு, நிலையாக இருக்க வேண்டிய இடத்தில் அவ்வப்போது அலைந்தது. கன்வெர்ட்டர் எவ்வளவு காலமாகப் பாதிக்கப்பட்டு வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்த நான்கு நாளுக்கும் அதில் பங்குண்டு என்பதை மட்டும் பெரியவரிடம் ஒப்புக்கொண்டேன். குறியை அழித்துவிட்டுக் கவனிப்பதென்று இருவரும் முடிவு செய்தோம். புதிய கன்வெர்ட்டர் வேண்டியிருந்தால் பொருத்தும் கூலி என்னுடையது என்று வேலை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.

மாற்றிக்கொண்டவை

ஐட்லிங்கில் மட்டும் உதறும் கார் வந்தால், எந்தச் சாமானையும் இடம் மாற்றிப் பார்ப்பதற்கு முன்பே, ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மாட்டி, மின்னலைகளைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்து அழுத்தத்தை ஒப்பிட்டுவிடுகிறேன். பெட்ரோலை நிறுத்திவிட்டுச் சில நொடி சுற்றினால், அழுத்தம் குறைந்த சிலிண்டரின் முறை வரும்போது மின்னோட்டத்தின் மேடு தாழும். பிளக்கைக் கழற்றவும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடியும். அக்டோபர் 1ஆம் தேதி இதைச் செய்திருந்தால், காற்றுக் கசிவையும் வால்வையும் ஒன்றாகவே கண்டிருப்பேன். ஒரு காருக்கு ஒரு பழுதுதான் இருக்கும் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. அதை நானாகவே நம்பியிருந்தேன்.

பயன்படுத்திய கார் முதன்முறையாக வரும்போது, பின்புறச் சாமான் அறையின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். போல்ட் துளைகள் இருந்தால், வந்த வேலை பிரேக்காக இருந்தாலும், எக்சாஸ்ட் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் விளக்கு மின்னினால் காரை ஓட்ட வேண்டாம், ஓரம் கட்டிவிட்டு அழையுங்கள் என்பதையும் இப்போது வாயால் சொல்வதோடு விடாமல், ரசீதிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

2026 ஜனவரியில், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், கார் 5,000 கிலோமீட்டர் ஓடியபின் வால்வு மூடியைக் கழற்றி மறுபடி அளந்தேன். மூன்றாவது சிலிண்டரின் இரண்டும் 0.30, 0.29. வெட்டிச் சீராக்கிய ஆறில் ஒன்று மட்டும் 0.31இலிருந்து 0.29க்கு வந்திருந்தது. புதிதாக வெட்டிய சீட் படிந்து அமர்ந்ததாக இருக்கலாம் என்பதால் எதையும் மாற்றவில்லை. பி0420 திரும்ப வரவில்லை. அடுத்த அளவீட்டை 20,000 கிலோமீட்டருக்குக் குறித்து, அந்த ஒரு வால்வின் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.